கருவேலங்காட்டுக்குள்ள போயிட்டு வந்த மினி டிராக்டர்: கழுவுறதுக்கு முன்னாடி கீழ படுத்துப் பாருங்க

சீமைக்கருவேலம் அழிக்க மினி டிராக்டர எறக்குனவங்க பாதிப் பேரு சொல்றது ஒண்ணுதான், "வேலை பாக்கறப்ப ஒண்ணும் ஆகலண்ணே, பத்து நாள் கழிச்சு சும்மா உழுதுக்கிட்டு இருக்கறப்பதான் மக்கர் பண்ணுச்சு". என் வண்டியும் அப்படித்தான் பண்ணுச்சு. மெக்கானிக்கு கூடவே உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்ததுல தெரிஞ்சது என்னன்னா, அந்த மக்கர் எல்லாமே காட்டுக்குள்ள இருந்த அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு, அடையாளமும் வண்டி மேலயே இருந்துச்சு, வண்டிய கழுவுனப்ப அதெல்லாம் போயிருச்சு. அதனால இதுல நான் சொல்லப்போறதுல முக்கால்வாசி, புழுதியோட நிக்கற வண்டில என்ன தெரியும், அத வச்சு எப்படி கோளாற கண்டுபுடிக்கறதுங்கறதுதான்.

எங்களுக்கு நெலம் கமுதி பக்கம். ரொம்ப வருசமா தரிசு. ராமநாதபுரம் ஜில்லாவுல தரிசுன்னாலே சீமைக்கருவேலங்காடுதான், தனியா சொல்ல வேண்டியதில்ல. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்த மரம், வெறகுக்கு ஆகும்னு பரப்புனது, இப்ப கம்மாயி கரை வயக்காடு ஒண்ணையும் விடல. 2017ல மதுரை ஐகோர்ட் கிளை இத அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்ப கொஞ்ச நாள் எல்லா பக்கமும் ஜேசிபி ஓடுச்சு, அப்புறம் பழைய கதைதான். எங்க ஏரியாவுல மரத்த வெட்டுறவங்க பெரும்பாலும் கரி மூட்டம் போடறவங்களும் வெறகு ஏவாரிங்களும்தான், அவங்களுக்கு மேல இருக்கற வெறகுதான் காசு, மண்ணுல இருக்கற தூரு அவங்களுக்கு எதுக்கு. அருவாளால சாய்ச்சு ஒரே வெட்டு, அதுல சரிவா ஒரு முனை நிக்கும், ரெண்டு மழை பேஞ்சு புல்லு மூடிருச்சுன்னா அந்த முனை கண்ணுக்கே தெரியாது. டிராக்டருக்கு முள்ள விட பெரிய எமன் அந்த சாய்வெட்டுத் தூருதான்.

பெரிய மரத்தையெல்லாம் ஜேசிபி வச்சு வேரோட தோண்டியாச்சு. மிச்சம் கெடந்தது கட்டைவெரல் மொத்தத்துல இருந்து மணிக்கட்டு மொத்தம் வரைக்கும் உள்ள இளங்கன்னு, பழைய தூருல இருந்து தளுத்த பொதரு, ஜேசிபி அறுத்து விட்டுட்டுப் போன வேரு, அப்புறம் குமிஞ்சு கெடந்த முள்ளு. இதுக்குத்தான் மினி டிராக்டர எறக்குனோம். 24 எச்பி, நாலு வீல் டிரைவ், பின்னாடி 8.3-20 டயரு. மொதல்ல அஞ்சு கொத்து கலப்பைய போட்டு வேர கெளப்புறது, சங்கிலி மாட்டி முள்ள இழுத்து ஓரங்கட்டுறது, கடைசியா ரோட்டவேட்டர், அதாவது கத்தி சுத்தி மண்ண பொடியாக்கற கருவி. மினில என்ன வசதின்னா மரத்துக்கு நடுவுல திரும்பும், டீசல் கம்மி. என்ன கஷ்டம்னா வயித்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு அடி எடம் இருந்தாலே பெருசு, பெரிய டிராக்டர் ஏறி மிதிச்சுட்டுப் போற குச்சி இதுல நேரா அடில போயி பைப்பையும் வயரையும் நோண்டும்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் சித்தப்பா பையன் நல்ல மனசோட வண்டிய மோட்டாருக்கு ஓட்டிட்டுப் போயி பம்புசெட்டுத் தண்ணில பளபளன்னு கழுவி நிறுத்திட்டான். பாக்க புது வண்டி மாதிரி இருந்துச்சு. அப்புறம் மெக்கானிக் அண்ணே வந்து மொத கேள்வியே "கழுவிட்டீங்களா?"ன்னுதான் கேட்டாரு. அவரு சொன்னது ரொம்ப எளிசு. காட்டுல ஓடுன வண்டில எல்லா எடத்துலயும் காஞ்ச புழுதி ஒரே மாதிரி படிஞ்சிருக்கும். எங்க ஆயிலோ டீசலோ கூலண்ட்டோ கசியுதோ அங்க மட்டும் புழுதி கருத்து ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்கும். பழைய கசிவா இருந்தா அந்த ஈரப் புழுதி தடியா கட்டியா காஞ்சு போயிருக்கும், புதுசா இருந்தா மெல்லிசா பளபளன்னு இருக்கும். தண்ணிய அடிச்சிட்டா பழசும் புதுசும் எல்லாம் ஒண்ணாயிரும், திரும்ப கசிஞ்சு வெளிய தெரியறதுக்கு பல மணி நேரம் ஓட்டணும், அதுக்குள்ள உள்ள ஆயில் கொறஞ்சு கியர் தேஞ்சிருக்கும்.

அதனால இப்பெல்லாம் வேலை முடிஞ்சதும் வண்டிய சமமான எடத்துல நிறுத்தி, கருவிய தரைல எறக்கி வச்சு, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவிய உருவி பாக்கெட்ல போட்டுட்டு, செல்போன் லைட்ட அடிச்சு அடில படுத்துப் பாக்கறது. கலப்பையோ ரோட்டவேட்டரோ தூக்கி நிக்கறப்ப அதுக்கு கீழ கையக் காலக் குடுக்காதீங்க, லிப்ட்ட நம்பவே கூடாது, கட்டாயம் தூக்கித்தான் ஆகணும்னா மரக்கட்டை முட்டு குடுத்துட்டு பாருங்க. ஹைட்ராலிக் ஹோஸ்ல கசிவு இருக்கான்னு வெரல வச்சு தடவக்கூடாது, ஊசி ஓட்டை வழியா பிரஷர்ல வர்ற ஆயில் தோலுக்குள்ளயே ஏறிரும், வெளிய சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா கைய எடுக்கற அளவுக்குக்கூட போகலாம், அப்படி பட்டுச்சுன்னா மருந்து தடவிட்டு உக்காராம உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு அட்டைய வச்சு காட்டிப் பாத்தா போதும், அட்டைல ஆயில் தெறிக்கும்.

மொதல்ல வெளிய வந்த கோளாறு முன் சக்கரத்துல. நாலு வீல் டிரைவ் மினில முன் ஹப்புக்குள்ளயும், அதாவது சக்கரம் மாட்டியிருக்கற நடுக்கூட்டுக்குள்ளயும் கியர் ஆயில் இருக்கு, ரெண்டு வீல் வண்டி ஓட்டிப் பழகுனவங்களுக்கு இது நெனப்புலயே வராது. இடது முன் சக்கரத்தோட உள்பக்க ரிம்முல ஆயில் வழிஞ்சிருந்துச்சு, எல்லாரும் "பிரேக் ஆயிலா இருக்கும்"னு சொன்னாங்க, இந்த வண்டில முன்னாடி பிரேக்கே கெடையாது. கழட்டிப் பாத்தா ஹப்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல நைலான் கயிறும் சேலைத்துணியும் திரிச்சு திரிச்சு சுத்தி கெடக்கு. எங்க ஊருப்பக்கம் பன்னிக்கும் மயிலுக்கும் பயந்து வயல சுத்தி பழைய சேலைய கட்டி வைப்பாங்க, அந்த வேலி வருசக்கணக்கா கிழிஞ்சு மண்ணுக்குள்ளயும் பொதருக்குள்ளயும் கெடக்கும். அது சக்கரத்துல மாட்டுச்சுன்னா வெளிய தெரியாது, உள்ள போயி இறுகி இறுகி, ஆயில் வெளிய வராம தடுக்கற சீலோட உதட்ட அறுத்துரும். சீலு விலை சில நூறு ரூபாதான். ஆயில் இல்லாம ஓடி உள்ள இருக்கற பெவல் கியர் போச்சுன்னா செலவு ஆயிரக்கணக்குல போகும், சாமான் வர்ற வரைக்கும் வண்டி படுத்தே கெடக்கும். அதனால கயிறு துணி முள்ளுக்கம்பி எது சுத்தியிருந்தாலும் அன்னைக்கே கத்தி வச்சு அறுத்து எடுத்துருங்க, சக்கரத்த சுத்தி இழுத்து உருவப் பாக்காதீங்க, உருவுனா மிச்சம் இருக்கற சீலும் போகும். ரோட்டவேட்டர் ரோட்டரோட ரெண்டு முனைலயும் இதே கததான், அங்கயும் பேரிங் சீலு இருக்கு.

சீலு மாத்துனாலும் ஒரு விசயம் பாக்கச் சொல்லுங்க. ஆக்ஸில் மேல ஒரு பிரீதர் ஓட்டை இருக்கும், உள்ள சூடாகறப்ப காத்து வெளிய போறதுக்கு. அது சேறும் புழுதியும் அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி புது சீலையும் தள்ளிரும். "சீல் மாத்தி ஒரு வாரத்துல திரும்ப கசியுது, டூப்ளிகேட் சாமான்"னு திட்டுறவங்கள்ல சில பேருக்கு காரணம் அந்த ஓட்டைதான்.

அடுத்து சூடு. கருவேல இலை எவ்வளவு பொடிசுன்னு உங்களுக்குத் தெரியும், காஞ்சா உமி மாதிரி பறக்கும். மினி டிராக்டர்ல ஃபேன் முன்னாடி இருந்து காத்த உள்ள இழுக்குது, அந்த காத்தோட இலையும் சேந்து வந்து முன் வலைய தாண்டி ரேடியேட்டர் பின்னுக்குள்ள, அதாவது அந்த மெல்லிசு தகடு வரிசைக்குள்ள போயி உக்காந்துரும். முன்னாடி நின்னு பாத்தா வலை சுத்தமா இருக்கும், ரேடியேட்டரும் வெளிய பாக்க சரியா இருக்கும், ஆனா டார்ச்ச பின்பக்கம் இருந்து அடிச்சுப் பாத்தா வெளிச்சமே இந்தப் பக்கம் வராது. என் வண்டில காலைல நல்லா ஓடும், மத்தியானம் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டுனா சூடு காட்டற மீட்டர் முள்ளு மேல போகும், லோடு எடுத்துட்டு சும்மா ஓட விட்டா எறங்கும். இப்படி லோடுல மட்டும் ஏறி லோடு இல்லாட்டி எறங்குச்சுன்னா மொத சந்தேகம் காத்தோட்டம் மேலதான் வரணும். ஃபேன் பெல்ட்டையும் பாருங்க, குச்சி அடிச்சு ஓரம் பிஞ்சிருக்கலாம், கட்டைவெரலால நடுவுல அமுக்குனா ஒரு சென்டிமீட்டர் மாதிரி எறங்கணும், அதுக்கு மேல தொங்குனா நழுவுது. ஃபேன் றெக்கைல ஒண்ணு முனை ஒடஞ்சிருந்தா ரேஸ் குடுக்கறப்ப ஒரு கிறுகிறுப்பு வரும், அதோட விட்டா வாட்டர் பம்ப் பேரிங் போயிரும்.

லோடே இல்லாம நின்ன எடத்துலயே சூடு ஏறுச்சுன்னா வேற கணக்கு. இன்ஜின அணைச்சுட்டு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டையும் பாத்து பதமா தொட்டுப் பாருங்க. மேல கொதிக்குது கீழ பச்சத்தண்ணி மாதிரி இருக்குன்னா தண்ணி சுத்தி வரல, சூடானா தெறந்து தண்ணிய விடற தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கும் இல்ல ரேடியேட்டர் உள்ளயே அடைச்சிருக்கும். ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்ல ஆயில் பால் காபி கலர்ல இருந்துச்சுன்னா தண்ணி ஆயில்ல கலந்துருச்சு, ஹெட் கேஸ்கட் பக்கம் பாக்கணும், அதுக்கு மேல ஒரு நிமிசம்கூட ஓட்டாதீங்க. சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய தெறக்காதீங்கன்னு எல்லாரும் சொல்றதுதான், ஆனா வருசா வருசம் யாராவது ஒருத்தரு மூஞ்சில வாங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க.

சுத்தம் பண்றதுக்கு வாட்டர் சர்வீஸ் கடைக்கு கொண்டு போயி பிரஷர்ல அடிச்சா பின்னு எல்லாம் மடங்கிரும், அப்புறம் அது நெரந்தர அடைப்பு. இன்ஜின் பக்கத்துல இருந்து முன்னாடி பாத்து காத்து அடிக்கணும், அதாவது வந்த வழியாவே வெளிய தள்ளணும், நாசில தள்ளிப் புடிச்சு நேரா அடிக்கணும், சாய்ச்சு அடிக்கக் கூடாது. பக்கத்து ஊரு மாப்ளே ஒருத்தரு இலை உள்ள போகாம இருக்க முன்னாடி கொசுவலை கட்டி விட்டாரு, கால் மணி நேரத்துல வலை முழுக்க இலை ஒட்டி வண்டி மூச்சு முட்டிப் போச்சு. வலை போடறதா இருந்தா கண்ணு கொஞ்சம் பெருசா, கையால சட்டுன்னு உருவி தட்டிப் போடற மாதிரி வைங்க. இன்னொண்ணு, சைலென்சருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல காஞ்ச எல சேந்து கெடக்கும் பாருங்க, அத வேலைக்கு நடுவுலயே எறங்கி வழிச்சு எடுங்க, சூட்டுல அது பத்திக்கும், பக்கத்துலயே டீசல் பைப்பு ஓடுது.

இனி நான் அதிகமா மண்டை காஞ்ச கோளாறு. வண்டி நல்லா ஸ்டார்ட் ஆகும், சும்மா நின்னா அழகா ஓடும், கலப்பைய எறக்குனா இழுவை இல்ல, ரெண்டாவது கியர்லயே தெணறும். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. டீசல் பம்பு போச்சு, நாசில் போச்சு, இன்ஜின் வேலைக்கு வந்துருச்சுன்னு. டவுன்ல ஒருத்தரு பம்ப கழட்டி கேலிபிரேசன் குடுக்கணும்னு ரேட்டே சொல்லிட்டாரு. நம்ம மெக்கானிக் அண்ணே பொகைய மட்டும்தான் பாத்தாரு. லோடு குடுக்கறப்ப கரும்பொகை வந்தா டீசல் போகுது காத்துதான் பத்தல, ஏர் கிளீனர பாரு. வெள்ளப் பொகையோட வெட்டி வெட்டி ஓடுனா டீசல்ல காத்து கலக்குது. பொகையே இல்லாம சக்தி மட்டும் கம்மின்னா டீசலே தேவையான அளவு போகல. எங்களது மூணாவது.

டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு, டேங்க் மூடிய தெறந்து வச்சு ஓட்டிப் பாத்தாச்சு, மூடில இருக்கற காத்து ஓட்டை அடைச்சாலும் இப்படி ஆகும்ல, அதுவும் இல்ல. கடைசில பாத்தா ஸ்டாப் கேபிளு. இந்த வண்டில இன்ஜின நிறுத்த ஒரு குமிழ இழுக்கணும், அந்த கேபிள் போயி பம்புல இருக்கற சின்ன லீவர இழுத்து டீசல நிறுத்தும். ஒரு கெளை அடில போயி அந்த கேபிள புடிச்சிருக்கற தகட்ட வளைச்சு விட்டிருக்கு, அதனால குமிழ் முழுசா உள்ளதான் இருக்கு, ஆனா பம்புல லீவரு கால்வாசி ஸ்டாப் பக்கம் இழுத்தே நிக்குது. சும்மா ஓடறதுக்கு அந்த டீசல் போதும், இழுக்கறதுக்கு பத்தாது. அண்ணே கையால லீவர பின்னாடி தள்ளிப் புடிச்சாரு, வண்டி உறுமுச்சு. தகட்ட நிமித்தி போல்ட்ட முறுக்குனதோட வேலை முடிஞ்சது, டீ காசு மட்டும்தான் வாங்குனாரு. ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கும் இதே சோதனைதான், ஒருத்தர பெடல முழுசா மிதிக்கச் சொல்லிட்டு பம்புல லீவரு முழுசா போயி முட்டுதான்னு பாக்கணும். பம்ப கழட்டுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கேபிளையும் கண்ணால பாத்துருங்க, காசு மிச்சம்.

வெட்டி வெட்டி ஓடற கேசு பக்கத்துத் தோட்டத்து மச்சான் வண்டில வந்துச்சு. டீசல் பைப்புல சேந்த காத்த வெளிய விட்டா, அதான் ஏர் எறக்குனா ஓடும், கொஞ்ச தூரம் போனதும் நிக்கும், திரும்ப ஏர் எறக்கணும். கீழ ஒரு சொட்டு டீசல் இல்ல, அதான் எல்லாரும் கொழம்புனது. டேங்குல இருந்து டீசல இழுக்கற ஃபீட் பம்பு வரைக்கும் உள்ள பைப்பு உறிஞ்சுற பக்கம், அதுல சின்ன கீறல் விழுந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். குச்சி உரசி கிளாம்புக்கு பக்கத்துல ஹோஸ் மயிரளவு வெடிச்சிருந்துச்சு. கண்டுபுடிக்க நல்ல வழி, ஒரு சுத்தமான கேன்ல டீசல ஊத்தி தெரியற மாதிரி பிளாஸ்டிக் டியூப்ல நேரா ஃபில்டருக்கு குடுத்து ஓட்டிப் பாக்கறது. அப்ப நிக்காம ஓடுச்சுன்னா கோளாறு டேங்குல இருந்து வர்ற வழிலதான்.

ஏர் கிளீனர் பத்தி எல்லாருக்கும் தெரியும், எண்ணெய் கிண்ணம் உள்ளதா இருந்தா கிண்ணத்த கழுவி குறி இருக்கற அளவுக்கு புது ஆயில் ஊத்தறது, டிரை பில்டரா இருந்தா தட்டி மாத்தறது. ஆனா அதுக்கு பின்னாடி இன்ஜினுக்கு போற ரப்பர் ஹோஸ யாரும் பாக்கறதில்ல. குச்சி இழுத்து அந்த ஹோஸ் கிளாம்ப் நழுவி இருந்தா புழுதி பில்டர் வழியா போகாம நேரா இன்ஜினுக்குள்ள போகும், ரிங்கும் லைனரும் உப்புத்தாள் போட்டு தேச்ச மாதிரி தேயும். இதுக்கு ஓட்டத்துல எந்த அறிகுறியும் மொதல்ல வராது, ஆயில் குடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரியும், அப்ப தெரிஞ்சு என்ன செய்ய. ஹோஸ கழட்டி உள்பக்கம் வெள்ளத்துணியால தொடைங்க, துணில செம்மண்ணோ கரிசலோ ஒட்டுச்சுன்னா எங்கயோ காத்து திருட்டு வழில போகுதுன்னு அர்த்தம். என்னைக் கேட்டா காட்டு வேலை முடிஞ்சு பாக்கறதுல இதுதான் ஒண்ணாம் நம்பர், மத்ததெல்லாம் அப்புறம்.

அதிர்வு வந்துச்சுன்னா அவசரப்பட்டு எதையும் மாத்தாதீங்க, ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வாங்க. பிடிஓ, அதாவது ரோட்டவேட்டர சுத்த வைக்க வண்டிக்கு பின்னாடி இருக்கற தண்டு, அத போடாம வண்டிய மட்டும் ஓட்டுங்க, அப்பயே அதிருதா, அப்ப இன்ஜின் பக்கமோ சக்கரமோ. இல்லன்னா பிடிஓவையும் ரோட்டவேட்டரையும் இணைக்கற சாஃப்ட்ட கழட்டிட்டு பிடிஓவ மட்டும் சுத்த விடுங்க. அதுவும் சரின்னா சாஃப்ட்டும் ரோட்டவேட்டரும்தான் மிச்சம். சாஃப்ட்டு மூட்டுல இருக்கற கிராஸ கையால ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, டொக்கு டொக்குன்னு ஆடக்கூடாது. ரோட்டவேட்டர்ல ஒரு கத்தி ஒடஞ்சு விழுந்திருந்தாலே வண்டியே ஆடும், ஏன்னா ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கற மாதிரிதான் கத்திய வரிசை போட்டிருப்பாங்க. மாத்துறப்ப பழைய போல்ட்ட திரும்ப போடாதீங்க, தூருல முட்டி முட்டி அது ஏற்கனவே இழுத்துப் போயிருக்கும். பிடிஓ சுத்தறது நிமிசத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு செகண்டுக்கு ஒம்போது தடவை, லுங்கி நுனியோ தோள்ல கெடக்கற துண்டோ மாட்டுச்சுன்னா சுதாரிக்க நேரமே இல்ல. சாஃப்ட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் மூடிய "எடைஞ்சலா இருக்கு"ன்னு கழட்டிப் போடற பழக்கம் நம்மகிட்ட நெறைய இருக்கு, தயவுசெஞ்சு போட்டு வைங்க.

சங்கிலி மாட்டி வேர இழுத்திருந்தீங்கன்னா கிளட்ச்ச சோதிங்க. முன்னாடி ஆளில்லாத எடத்துல பிரேக்க ரெண்டையும் பூட்டி அழுத்தி மிதிச்சுக்கிட்டு மேல் கியர்ல போட்டு கிளட்ச்ச மெதுவா விடுங்க, இன்ஜின் அணைஞ்சா கிளட்ச் புடிக்குது, அணையாம உறுமிக்கிட்டே நின்னா நழுவுது. அடிக்கடி பண்ணாதீங்க, சோதனையே கிளட்ச்ச தின்னுரும். நழுவுதுன்னு தெரிஞ்சா மொதல்ல பெடல்ல ஃப்ரீ பிளே, அதாவது மிதிக்க ஆரம்பிச்சதும் சும்மா எறங்கற கொஞ்ச எடம் இருக்கான்னு பாருங்க, குச்சி தட்டி ராடு இழுத்து நின்னா நல்ல கிளட்ச்சே நழுவும். இழுக்கறப்ப சங்கிலிய கீழ இருக்கற ஹூக்குலதான் மாட்டணும், கலப்பைய மேல புடிக்கற டாப் லிங்க் எடத்துலயோ ஆக்ஸில் மேலயோ மாட்டி இழுத்தா தூரு வரலன்னா வண்டி முன்பக்கம் தூக்கி பின்னாடி கவுந்துரும், இது மினி டிராக்டர்ல ஒரு நொடில நடக்கும்.

முன் டயரு ஒரு ஓரமா மட்டும் தேயுது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குதுன்னா ரெண்டு முன் சக்கரத்தயும் இணைக்கற டை ராடு வளைஞ்சிருக்கலாம். சக்கரத்த நேரா வச்சுட்டு ரெண்டு முன் டயருக்கும் நடுவுல உள்ள தூரத்த டயரோட முன்பக்கமும் பின்பக்கமும் ஹப்பு ஒயரத்துல டேப் வச்சு அளந்து பாருங்க. முன்பக்கம் சில மில்லிமீட்டர் கம்மியா இருக்கணும், எவ்வளவுங்கறது உங்க வண்டி புக்குலயே போட்டிருக்கும். வளைஞ்ச ராட கொல்லப்பட்டறைல காச்சி நிமித்தாதீங்க, மாத்திருங்க.

செல்ஃப் அடிக்கவே இல்லன்னா பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி அடில கிளட்ச் பெடல் பக்கமும் பிடிஓ லீவர் பக்கமும் போற சேஃப்டி சுவிட்ச் வயரு புடுங்கியிருக்கான்னு பாருங்க. நேரா கம்பி போட்டு சுவிட்ச்ச ஏமாத்தி ஓட்டாதீங்க, கியர்ல கெடக்கறப்ப ஸ்டார்ட் ஆகி ஆள் மேல ஏறுன வண்டி உண்டு.

டயருக்கு வருவோம். முள்ளு குத்துன அன்னைக்கே காத்து எறங்குனா பிரச்சனை இல்ல, பஞ்சர் போட்டுட்டு போயிரலாம். கருவேல முள்ளு என்ன செய்யும்னா டயருக்குள்ள ஏறி ஒடஞ்சு நிக்கும், மேல ஒண்ணும் தெரியாது, ஓட ஓட உள்ள நகந்து வாரக்கணக்குல கழிச்சு டியூப்ப தொடும். பின் டயருல தண்ணி ரொப்பியிருந்தா காத்துக்கு பதிலா தண்ணி கசிஞ்சு ஈரமா தெரியும், அதுவும் புழுதி வண்டிலதான் பாக்க முடியும். பஞ்சர் ஒட்டுறப்ப டியூப்ப மட்டும் ஒட்டிட்டு டயர அப்படியே மாட்டுனா அதே எடத்துல திரும்ப குத்தும். டயரு உள்பக்கத்த வெறுங்கையால தடவாதீங்க, பழைய பனியன் துணிய வச்சு தடவுனா முள்ளு முனை துணில மாட்டி இழுக்கும், அங்க நோஸ் பிளேயர் வச்சு புடுங்கணும், வெளிய இருந்து வரலன்னா உள்ள இருந்து தள்ளணும். டியூப்ல ஊத்தற சீலண்ட் சின்ன முள்ளுக்கு நல்லா கேக்குது, தூரு கிழிச்ச ஓட்டைக்கு கேக்காது, பக்கச் சுவர்ல கிழிஞ்சா எதுவுமே கேக்காது. உங்க கால்ல முள்ளு ஏறுனாலும் இதேதான், முனை உள்ள ஒடஞ்சு நின்னு வாரக்கணக்குல வீங்கும், டிடி ஊசி போட்டதோட விடாம எடுக்கச் சொல்லுங்க.

அடில தகடு அடிக்கலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. நாங்க அடிச்சிருக்கோம், மூணு மில்லி தகடு, போல்ட்டு போட்டு கழட்டற மாதிரி, வெல்டிங் பண்ணல. ஆயில் டிரெய்ன் நட்டுக்கு நேரா ஓட்டை விட்டிருக்கு, பின்பக்கம் தெறந்து விட்டிருக்கு. ஆனா தகடுக்கு மேல காஞ்ச எல சேரும், அத வாரா வாரம் கழட்டி தட்டாட்டி தகடு இல்லாமலே ஓட்டலாம். வயரையும் டீசல் பைப்பையும் ரோட்டு மேல போற லாரில கட்டற மாதிரி உறை போட்டு சேசிஸ் ஓரமா ஒட்டிக் கட்டுனதுதான் தகட விட எங்களுக்கு அதிகமா உதவுச்சு.

இப்ப ஐப்பசி மழைக்கு விட்ட தூரெல்லாம் மறுபடி தளுத்து நிக்குது, ஒரு தூருக்கு அஞ்சாறு கெளை. இந்த தடவை ஆளுங்க மொதல்ல கடப்பாரையோட போயி சாய்வெட்டுத் தூர தோண்டறாங்க, தோண்ட முடியாததுக்கு பக்கத்துல ஒரு குச்சி நட்டு பழைய சேலைத்துணிய கிழிச்சு கொடி மாதிரி கட்டுறாங்க. வண்டி அதுக்கப்புறம்தான் எறங்கும். சித்தப்பா பையன்கிட்ட சொல்லியாச்சு, மெக்கானிக் அண்ணே பாக்கற வரைக்கும் பம்புசெட்டு பக்கம் வண்டி போகக் கூடாதுன்னு.